துல்ஹஜ் பிறை பதிமூன்று

ஷவ்வால், பிறை 4

அன்புள்ள கடுகுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நீயும் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரமலானில் நீ போனில் போட்ட சத்தத்துக்குப் பிறகு உன் அண்ணன் உன் நம்பரை முடக்கிவிட்டார். "அவ குரல் இனிமே இந்த வீட்டுக்குள்ள கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் லாரியை எடுத்தார். அவர் பேச்சை நான் மீறவில்லை. குரல்தானே கூடாது என்றார், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. மாமியின் செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த கதை உனக்கே தெரியும். ஆக, நமக்குத் தபால்தான் கதி. இதுவும் ஒரு வகையில் நல்லதுதான். தாளில் எழுதும்போது உன் மூக்குக்கு மேல் வரும் கோபம் கொஞ்சம் ஆறிவிடும்.

நோன்பு திறக்க மாமிக்குப் பேரீச்சம்பழத்தைக் கூட எண்ணிக் கொடுக்கிறேன் என்று கத்தினாயே, அதை நான் அப்போதே மறந்துவிட்டேன். நல்ல செய்தி சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். பெருநாளுக்கு மறுநாளே மாமி ஆறு நோன்பைத் தொடங்கிவிட்டார். "ஒரு மாசம் பிடிச்ச உடம்பு, கொஞ்சம் ஆறட்டும் மாமி, இது கடமை இல்லையே" என்று எவ்வளவோ சொன்னேன். காதில் போட்டுக்கொள்வதில்லை. ரமலானோடு இந்த ஆறையும் சேர்த்துப் பிடித்தால் வருடம் முழுக்கப் பிடித்த நன்மையாம். இந்த வயதில் இப்படி ஒரு வைராக்கியம் யாருக்கு வரும்? தங்கமான மனுஷி.

எனக்கு இங்கே கை ஓயாத வேலை. பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்துவிட்டன. மதியச் சாப்பாட்டு டப்பா எழுபதுக்கு மேல் போகிறது. நீ சௌக்கியமாக இரு.

அண்ணி


ஷவ்வால், பிறை 12

அண்ணிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. போனில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். ஆனால் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. அதை இத்தோடு விடுவோம்.

அம்மா ஆறு நோன்பு பிடிப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அம்மா இந்த ஆறையும் ஒரே மூச்சில் பிடித்து நான் பார்த்ததில்லை. பெருநாள் முடிந்து உறவுக்காரர்கள் வந்துபோகிற நாட்கள் இவை, வருகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா என்று ஷவ்வால் முழுக்கப் பரப்பிப் பரப்பித்தான் பிடிப்பாள். ஒருமுறை அம்மா நோன்போடு இருந்தபோது அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். தனியாகச் சாப்பிட அவர் கூச்சப்பட்டார். அம்மா நோன்பை அப்படியே விட்டுவிட்டு அவருக்கு எதிரில் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். அப்புறம் என்னிடம், "இது நானா எடுத்த நோன்பு, நானே விடலாம். வந்தவரைக் கூச்சப்பட வைக்க எனக்கு உரிமை கிடையாது" என்றாள்.

இப்போது அவசரமாகப் பிடிக்கிறாள் என்றால் உடம்பைப் பற்றிப் பயப்படுகிறாளோ என்னவோ. விடிவதற்கு முன் சஹருக்கு என்ன சாப்பிடுகிறாள்? எழுதுங்கள். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கடுகு


ஷவ்வால், பிறை 25

அன்புள்ள கடுகுக்கு,

ஆறும் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது திங்கள், வியாழன் என்று ஆரம்பித்திருக்கிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கூட்டாளி கதையைக் கேட்டுச் சிரித்தார். விருந்தாளி வந்தால் விடலாம் என்பது இங்கேயும் நடக்கிறது. உன் அண்ணன் லாரியில் இருந்து இறங்கி வீட்டுக்கு வருகிற நாட்களில் மாமி நோன்பு பிடிப்பதில்லை. மகனோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார். மகன் வண்டி ஏறியதும் மறுபடியும் நோன்பு.

சஹரைக் கேட்டிருந்தாய். ஒளித்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் எழுந்து சமைக்க என்னால் முடியவில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற கால்கள் இவை. ஒரு டம்ளர் தண்ணீரும் ரொட்டித் துண்டும் தலைமாட்டில் வைத்துவிடுகிறேன். அடுப்பில் இருப்பதெல்லாம் ஆர்டர் சாப்பாடு, அளந்து வைத்தது, அதில் கை வைக்க முடியாது. மாமிக்கு அது தெரியும். பகடி மட்டும் குறையவில்லை. நேற்று, "இன்னைக்கும் நோன்பா? சரி, மனசுல வைக்கிற நிய்யத்தையும் நீயே வெச்சிடு. எனக்கு எதுக்குச் சிரமம்" என்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

ஒரு சின்ன வேலை. நீ போன வருடம் செய்து கொடுத்த மூக்குக்கண்ணாடி நழுவி நழுவி விழுகிறது. ஓதும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழ் வீட்டுத் தையல்காரியிடம் டேப் வாங்கி முகத்தை அளந்து தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நீ கண்ணாடிக் கடையிலேயே வேலை பார்ப்பவள், பார்த்து ஒன்று அனுப்பு.

மனசு கேட்கவில்லை என்றால் அம்மாவை நீயே கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு வார்த்தை தடை சொல்ல மாட்டேன்.

அண்ணி


துல்கஃதா, பிறை 7

அண்ணிக்கு,

அளவுத்தாள் கிடைத்தது. முதலில் நீங்கள் டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். பெரியவர்களுக்கான ஃபிரேம் எதுவும் அந்த அளவுக்குச் சரியாக வரவில்லை. கடைசியில் குழந்தைகள் அலமாரியில் ஒன்று கிடைத்தது. கறுப்பு, பூப்போடாதது. லென்ஸை நானே தேய்த்துப் பொருத்தியிருக்கிறேன். மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

வயதானால் முகம் வற்றத்தான் செய்யும். அம்மா முன்பெல்லாம் சாப்பாட்டில் கொஞ்சம் தாராளம்தான். உடம்பு குறைந்தால் சர்க்கரைக்கும் நல்லது என்று எங்கள் கடைக்கு வருகிற டாக்டர் ஒருவர் சொன்னார்.

கூட்டிக்கொண்டு போ என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரே ஒரு கழிவறை. அவர் இரவுக் காவல் முடிந்து வந்து பகலில்தான் தூங்குகிறார். சின்னச் சத்தம் கேட்டாலும் எரிந்து விழுவார். இதில் அம்மாவை வைத்து நான் என்ன செய்வேன். அம்மாவுக்கும் மகன் வீடுதான் கௌரவம்.

அம்மாவுக்கு என் சலாம். அவளுடைய நோன்பை எல்லாம் அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

கடுகு


துல்கஃதா, பிறை 27

அன்புள்ள கடுகுக்கு,

கண்ணாடி கச்சிதம். தொழுகையில் குனிந்தாலும் விழவில்லை. உன் கைக்கு வைரம் போடலாம்.

மாமி இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பிடிக்கிறார். தாவூது நபியின் நோன்பு அப்படித்தானே. கடமை இல்லாத நஃபில் நோன்பிலேயே அதுதான் உயர்ந்தது என்று பள்ளிவாசல் பயானில் சொன்னார்கள். தெருவில் எல்லோரும் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். "இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்கிறார்கள். கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, கேள். நான் டப்பாக்களை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மாமி வீட்டில் இல்லை. கீழே தையல்காரி வீட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நோன்பு நாளில். எனக்கு மானம் போய்விட்டது. தையல்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் நிதானமாகச் சொன்னேன். "வயசாயிடுச்சு, மறந்துட்டாங்க. மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது, அது அல்லாஹ்வே ஊட்டினது" என்றேன். மாமி என்னைப் பார்த்து, "ஆமா, மறந்துதான் போச்சு. பசிக்கிறது ஞாபகம் இருந்துச்சு, நோன்பு ஞாபகம் இல்லை" என்றார். தையல்காரி சிரிக்கவில்லை.

அதிலிருந்து நான் வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன். தனியாகப் படி இறங்கி விழுந்தால் உனக்கு யார் பதில் சொல்வது.

அண்ணி


துல்ஹஜ், பிறை 5

அண்ணிக்கு,

அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லையே. எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தை எந்தக் கிழமை பிறந்தது என்பது வரை இன்றைக்கும் சொல்வாள்.

பெருநாளுக்கு நல்ல கறியாகப் பார்த்து அம்மாவுக்கு வேகவைத்துக் கொடுங்கள். பல் இல்லை, மெத்தென்று வேக வேண்டும். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடுகு


துல்ஹஜ், பிறை 16

அன்புள்ள கடுகுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் சிறப்பாக முடிந்தது. குர்பானிக் கறி வீட்டுக்கு நிறையவே வந்தது, ஃபிரிட்ஜ் நிரம்பி வழிகிறது. உன் அண்ணனுக்குத் தொலைதூர லோடு, பெருநாளுக்கு வர முடியவில்லை. அடுத்த மாதம் பாதியில்தான் வருவாராம்.

மாமி பெருநாளுக்கு முந்தின அரஃபா நாளில் நோன்பு பிடித்தார். அதோடு நிறுத்தினாரா? ஒவ்வொரு மாதமும் வெள்ளை நாட்கள் வருமே, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, அந்த மூன்றையும் விடாமல் பிடித்து நேற்றுத்தான் முடித்தார். பெருநாள் கறி வீடு முழுக்க மணக்கிறது, ஒரு துண்டு தொடவில்லை. இப்படி ஒரு மனக்கட்டுப்பாடு எனக்கு வராது. உனக்கும் வராது.

அண்ணி


துல்ஹஜ், பிறை 20

பதிமூன்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

துல்ஹஜ் பிறை பதிமூன்றில் நோன்பு பிடிக்கக் கூடாது. பெருநாளும் அதற்குப் பிறகு மூன்று நாளும் உண்ணவும் பருகவும் என்று ஆக்கப்பட்ட நாட்கள், அவற்றில் நோன்பு ஹராம். இந்த ஒரு மாதத்தில் மட்டும் வெள்ளை நாட்களில் முதல் நாளை விட்டுவிட வேண்டும். எட்டு வயதில் நான் ஆசைப்பட்டு அந்த நாளில் நோன்பு வைத்தபோது அம்மா என் வாயில் ரொட்டியைத் திணித்தாள். "அல்லாஹ் விருந்து வைக்கிற நாள்ல பட்டினி கிடந்தா அது வணக்கம் இல்லைடி, திமிரு" என்றாள். தலை போனாலும் அவள் அன்றைக்கு நோன்பு பிடிக்க மாட்டாள்.

அவள் எந்த நாளும் நோன்பு பிடிக்கவில்லை. நீங்கள் அவளுக்குச் சோறு போடவில்லை. ஊருக்கே சமைத்து அனுப்புகிற வீட்டில் என் தாயைப் பூட்டிவைத்துப் பட்டினி போட்டுவிட்டு, அதற்கு ஷவ்வால் என்றும் தாவூது நபி என்றும் பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நாக்கு கூசவில்லையா?

வெள்ளிக்கிழமை வருகிறேன். இனி என் தாய் உங்கள் வாசலை மிதிக்க மாட்டாள். அண்ணனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.


துல்ஹஜ், பிறை 23

கடுகு,

வா. டாக்ஸியைக் காத்திருக்கச் சொல். மாமியின் துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிடும், நேரம் ஆகாது.

பதிமூன்று விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித் தரவில்லை. அகப்பட்டுக்கொண்டேன், சரி. ஆனால் நீ எப்போது கண்டுபிடித்தாய் என்பதை உன் மனதைத் தொட்டுச் சொல். இருபதாம் பிறையிலா? குழந்தைகள் அலமாரியில் கைவிட்டு உன் அம்மாவுக்கு ஃபிரேம் தேடினாயே, அப்போது தெரியவில்லையா? தினமும் பத்துப் பேர் முகத்தை அளக்கிறவள் நீ. அளவைப் பார்த்தாய், கண்ணாடியைத் தேய்த்தாய், பொட்டலம் கட்டினாய், மூன்றாவது மாடி என்று எழுதினாய். நான் சோறு போடவில்லை. நீ அதற்கு ஏற்ற கண்ணாடி செய்து கொடுத்தாய்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். இப்போது வெளியூரில் இருக்கிற என் மகன் பிறந்த ரமலானில் எனக்கு நோன்பு முழுவதும் விடுபட்டது. பால் கொடுக்கிறவள் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தெரியும், உன் அம்மாவுக்கு எல்லோரையும் விட நன்றாகவே தெரியும். ஆனாலும், "கடனைக் கழுத்துல வெச்சுக்கிட்டு சாப்பாட்டுல உட்காராதே" என்றார். பெருநாள் முடிந்த வாரத்திலேயே தொடங்கி வைத்தார். பால் வற்றிப் புட்டிப்பால் வாங்கினோம். வந்தவர்களிடம் எல்லாம், "நான் வேண்டாம்னு சொன்னா கேட்க மாட்டேங்கிறா, தங்கமான பொண்ணு" என்று சொல்லுவார். உனக்கு அப்போது பத்து வயது. என் பங்கு முட்டையைத் தின்றது நீதான்.

அந்த வார்த்தைகளை எல்லாம் நான் அவரிடம்தான் கற்றேன். அவரைக் கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேன். "நல்லா கத்துக்கிட்டே" என்றார்.

அண்ணி


முஹர்ரம், பிறை 9

அண்ணிக்கு,

கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன்.

அம்மா என்னிடம் நன்றாக இருக்கிறாள். மூன்றாவது மாடிக்கு நான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏற முடிந்தது. அதில்தான் எனக்கு அழுகை வந்தது. என் கடைப் பை அவளைவிடக் கனமாக இருக்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு வேளையும் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், "இன்னைக்கு நோன்பு இல்லையா?" என்று கேட்டாள். இல்லை அம்மா, சாப்பிடு என்பேன். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது.

நீங்கள் சொன்ன கதையை அவளிடம் கேட்டேன். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். அவள் செய்தது தப்பாகவே இருக்கட்டும். பழி தீர்க்கிற இடமா அது? அல்லாஹ்விடம் நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நான் ஒரு மகள் செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

கடுகு


ரஜப், பிறை 18

அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான். கோபத்தில் சொல்வதை எல்லாம் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அம்மா சௌக்கியம். ஆனால் ரொட்டியை ஒளித்துவைக்கிற பழக்கம் போகவே இல்லை. தலையணை உறைக்குள், தொழுகை விரிப்புக்கு அடியில், இவருடைய காவல் சட்டைப் பைக்குள். எறும்பு படையெடுக்கிறது. சட்டையை உதறிய அன்று அவர் வாய்க்கு வந்தபடி பேசினார். "உங்கம்மாவுக்குத் திங்கிறதும் கழிவறைக்குப் போறதும் மட்டும்தான் வேலையா? நான் எப்ப தூங்குறது?" என்றார். சாப்பிட்டால் போகத்தான் வேண்டும், போனால் கதவு சத்தம் போடத்தான் செய்யும். போன மாதம் இரண்டுமுறை போய்ச் சேர்வதற்குள் ஆகிவிட்டது. நான் கடைக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் துவைத்துவிட்டுப் போனேன். கடையில் என் கை நாறுகிறதோ என்று நாள் முழுக்க மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரமலான் ஒரு மாதம் மட்டும் அம்மாவை அங்கே வைத்துக்கொள்ள முடியுமா? பழசை எல்லாம் நான் மறந்துவிட்டேன்.

கடுகு


ஷஃபான், பிறை 2

அன்புள்ள கடுகுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். உன் அம்மா இனி என் வாசலை மிதிக்க மாட்டாள் என்று நீ எழுதிய கடிதம் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. உன் வாக்கை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ரமலானில் ஆர்டரும் இரட்டிப்பாகிவிடும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு. ஏதாவது ஒரு வழி தானாகவே வரும்.

அண்ணி


ஷவ்வால், பிறை 11

அன்புள்ள அண்ணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். இந்த ரமலானில் அம்மா ஒரு நோன்பைக் கூட விடவில்லை. பெருநாள் முடிந்ததும் ஆறு நோன்பையும் பிடித்து முடித்துவிட்டாள். இனி திங்கள், வியாழன் பிடிக்கப் போகிறாளாம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போதெல்லாம் நான் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு நோன்புதானே" என்று அவளே சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சரி என்கிறேன். பகலில் அவளால் இவருக்கு இப்போது தொந்தரவு இல்லை. நன்றாகத் தூங்குகிறார். படி ஆபத்து என்பதால் வெளிக்கதவைப் பூட்டிக்கொள்ள இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடி மறுபடியும் நழுவியது. அதைவிடச் சின்ன ஃபிரேம் எங்கள் கடையில் இல்லை. காதுக் கம்பியைச் சூடு காட்டி உள்பக்கமாக வளைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு நிற்கிறது.

அண்ணனிடமும் சொல்லுங்கள். அம்மா தங்கமான மனுஷி.

கடுகு


ஷவ்வால், பிறை 20

அன்புள்ள கடுகுக்கு,

மாஷா அல்லாஹ். உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "வயசாக ஆக அம்மாவுக்கு ஈமான் கூடிக்கிட்டே போகுது" என்று சந்தோஷப்பட்டார். உன்மேல் இருந்த வருத்தம் எல்லாம் போய்விட்டது. உன் நம்பரையும் விடுவித்துவிட்டார், இனி நீ எப்போது வேண்டுமானாலும் போனிலேயே பேசலாம். ஆனால் நம் இருவருக்கும் எழுத்துதான் வசதி. யோசித்துச் சொல்ல முடிகிறது.

தெருவில் யாராவது விசாரித்தால் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு, அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்காதே. பக்கத்து வீட்டில் தையல்காரி மாதிரி யாராவது இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. துல்ஹஜ் வந்ததும் வெள்ளை நாட்களைப் பற்றி எழுதும்போது பதிமூன்றை விட்டுவிட்டு எழுது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவள் நீதான்.

மாமிக்கு என் சலாம்.

அண்ணி